இரகசிய வருகை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். முதலில் இயேசுவின் இரகசிய வருகை, அதில் சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு வருட உபத்திரவம், அதன்பின் பகிரங்க வருகை என்று அங்கே போதிக்கிறார்கள். பாரம்பரிய சபைக்காரர்களில் பெரும்பாலோர் கைவிடப்படுவார்களாம். போன மாதம் நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து வந்த மகள், வீட்டில் யாரும் இல்லை என்றதும், தன்னை விட்டுவிட்டு எங்களை எடுத்துக்கொண்டார்கள் என்று அலறிவிட்டாள். அம்மாவோ இப்படி ஒன்றைக் கோவிலில் கேட்டதே இல்லை என்கிறார். எது பழைய போதனை? ஊருக்குப் போனால் அம்மாவோடு நற்கருணை எடுக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் அம்மா சொல்வதுதான் பழையது. உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் மகிமையோடே திரும்ப வருவார் என்று விசுவாசப்பிரமாணத்தில் சொல்கிறோமே, அதில் இருப்பது ஒரே வருகை. நடுவே ஏழு வருட இடைவெளி வைக்கும் போதனை 1830களில் அயர்லாந்தில் உருவானது. அதற்கு வடிவம் கொடுத்தவர் ஜான் நெல்சன் டார்பி.

டார்பி விக்லோ மலைப்பகுதியில் ஆங்கிலிக்கன் குருவானவராக இருந்தவர். அங்கே கத்தோலிக்க ஏழைகள் பலர் மனம் மாறிவந்த நேரத்தில், வருகிறவர்கள் அரசருக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று டப்ளின் பேராயர் நிபந்தனை போட்டார். சபையை அரசாங்க இலாகாவாக்கிவிட்டார்களே என்று டார்பி கொதித்துப்போனார். 1827 வாக்கில் குதிரை விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்த காலத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: கண்ணுக்குத் தெரியும் சபை கெட்டழிந்துவிட்டது, இனி சீர்படாது. உண்மைச் சபை பரலோகத்துக்குரிய ஜனம். பழைய ஏற்பாட்டின் வாக்குத்தத்தங்கள் பூமிக்குரிய ஜனமான இஸ்ரவேலுக்கு. இரண்டையும் கலக்கக் கூடாது.

மற்றதெல்லாம் இதிலிருந்து கணக்குப்போல வந்துவிடுகிறது. தானியேல் புத்தகம் சொல்லும் எழுபது வாரங்களில் (ஒரு வாரம் என்றால் ஏழு வருடம்) அறுபத்தொன்பதோடு கடிகாரம் நின்றுவிட்டது, சபையின் காலம் ஓர் இடைச்செருகல், கடைசி வாரமாகிய ஏழு வருடம் இஸ்ரவேலுக்கானது. அது தொடங்க வேண்டுமானால் சபை இடத்தைக் காலிசெய்தாக வேண்டும். ஆக, சபை என்றால் யார் என்பதை முதலில் மாற்றிவிட்டுத்தான் அவர் முடிவுகாலத்தையும் மாற்றினார். உங்கள் பாஸ்டர் டார்பி பெயரையே கேள்விப்படாமல் இருக்கலாம். 1909இல் ஆக்ஸ்போர்டு அச்சகம் வெளியிட்ட ஸ்கோஃபீல்டு வேதாகமம் இந்தப் போதனையை வசனத்துக்குக் கீழே குறிப்பாக அச்சிட்டது. எது வசனம், எது குறிப்பு என்று படித்தவர்களுக்கே குழம்பிப்போனது.

இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கிறிஸ்துவின் ஆயிர வருட அரசாட்சி பற்றிய சர்ச்சை மிகப் பழையது. ஆதிச்சபைப் போதகர்களான பாப்பியாஸ், ஜஸ்டின், ஐரேனியஸ் ஆகியோர் அதை நேரடிப் பொருளில் நம்பினார்கள். அகஸ்டின் அது இப்போது நடந்துகொண்டிருக்கும் சபையின் காலமே என்றார். ஆனால் முடிவுகாலத்து எதிரியான அந்திக்கிறிஸ்து வரும்போது சபை இங்கே இருக்காது என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. சபை அவனால் பாடுபடும் என்றே ஐரேனியஸ் எழுதினார்.

சரி, இரகசிய வருகைக்கு ஆதாரமாகக் காட்டும் 1 தெசலோனிக்கேயர் 4? மரித்துப்போன நம்மவர்கள் வருகையைத் தவறவிட்டுவிடுவார்களோ என்று கலங்கியவர்களுக்குப் பவுல் எழுதியது அது. எக்காளம், பிரதான தூதனின் சத்தம், ஆரவாரம் என்று அவர் வரிசையாகச் சொல்வதில் இரகசியம் எங்கே இருக்கிறதோ! கர்த்தருக்கு எதிர்கொண்டு போவோம் என்கிறார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர் எல்லைவரை போகிறவர்கள் மாப்பிள்ளையோடு அவர் ஊருக்குப் போய்விடுவதில்லை, அவரை அழைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ரோமாபுரிச் சகோதரர்கள் அப்பியுபுரம்வரை வந்து பவுலை அழைத்துப்போனதும் (அப்போஸ்தலர் 28) அப்படித்தான். திரும்பி வருவதைப் பவுல் எழுத்தாகச் சொல்லவில்லை என்று மறுப்பவர்கள் உண்டு. உண்மைதான். ஏழு வருடம் மேலே தங்குவதையும் அவர் சொல்லவில்லை. அந்தப் பகுதி, இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிகிறது. அதை வைத்துக் குழந்தைகளைப் பயமுறுத்துவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. டார்பியின் டப்ளின் நாட்களின் நண்பர் அந்தோணி நாரிஸ் க்ரோவ்ஸ், எக்சிட்டரில் பல் மருத்துவராக இருந்தவர், 1833இல் இந்தியா வந்தார். அவரோடு சேர்ந்து ஊழியம் செய்தவர் அருளப்பன். திருநெல்வேலியில் 1860இல் எழுந்த எழுப்புதலில் பெரும்பங்கு அருளப்பனுக்குத்தான். அந்த க்ரோவ்ஸ் 1836இல் டார்பிக்கு ஒரு கடிதம் எழுதினார்: எதை ஆதரிக்கிறீர்கள் என்பதைவிட எதை எதிர்க்கிறீர்கள் என்பதாலேயே இனி நீங்கள் அறியப்படுவீர்கள் என்று. 1848இல், டார்பியும் க்ரோவ்ஸும் சார்ந்திருந்த சகோதரர் சபையே (பிரதரன்) இரண்டாக உடைந்தது. மற்ற சபைகள் கெட்டுவிட்டன என்று பிரிந்து வந்தவர்களுக்குள்ளேயே நடந்த பிளவு அது.

நற்கருணையைத் தாராளமாக எடுங்கள். அந்த சி.எஸ்.ஐ. ஆராதனை முறையிலேயே, கர்த்தருடைய மரணத்தை நினைவுகூர்ந்து, உயிர்த்தெழுதலை அறிக்கைசெய்து, இரண்டாம் வருகைக்குக் காத்திருக்கிறோம் என்று சபையார் சொல்லும் இடம் உண்டு. சிரியன் வழிபாட்டிலிருந்து எடுத்தது அது. அம்மாவின் சபை வருகையை மறந்துவிட்ட சபை இல்லை.

பாஸ்டரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ரோமர் 11ஐத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: இஸ்ரவேலின் கிளைகளும் நம்மைப்போல் ஒட்டவைக்கப்பட்ட கிளைகளும் இருப்பது ஒரே ஒலிவமரத்திலா, இரண்டு மரத்திலா? டார்பியின் இரண்டு ஜனங்களை அந்த அதிகாரத்தோடு பொருத்த என்னால் முடிந்ததில்லை. உங்கள் பாஸ்டர் எப்படிப் பொருத்துகிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.