அப்பாவுக்குக் கிடைக்காத மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள்

உங்கள் கடிதத்தில் கேள்விகள் நிறைய. முதுகுவலி, ராத்திரியில் இரண்டு தடவை பாத்ரூமுக்கு எழுவது, சிறுநீரில் நுரை, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று பார்த்த வீடியோ. டேபாகிளிஃப்ளோசின் என்ற புது மாத்திரை ஆரம்பித்த மூன்றே வாரத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இரத்தக் கழிவு) 0.9-இலிருந்து 1.05-க்கு ஏறியது, பயந்துபோய் அதையும் மெட்ஃபார்மினையும் சேர்த்தே நிறுத்தியது. ஆனால் நடுவில் அப்பாவைப் பற்றி எழுதிய நான்கு வரிதான் கடிதமே. வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிட்டார். கடைசியில் சர்க்கரை தானாகவே குறைந்து, மாத்திரையே வேண்டாம் என்றானது. அடுத்த சில மாதங்களில், 1999-இல், கிட்னி போய்விட்டது என்று டயாலிசிஸில் படுக்க வைத்தார்கள். சர்க்கரை குணமாகியும் மாத்திரையின் விஷம் கிட்னியைத் தின்றுவிட்டது என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது 52 வயதில் நமக்கும் அதே கதைதானோ என்று தூக்கம் போகிறது.

அப்பாவுக்குச் சர்க்கரை குணமாகவில்லை, அம்மா. கிட்னி தேய்ந்ததால்தான் சர்க்கரை இறங்கியது.

உடலில் சுற்றும் இன்சுலினை உடைத்து வெளியேற்றுவதில் ஈரலுக்கு அடுத்த பெரிய பங்கு சிறுநீரகத்துக்கு. சிறுநீரகம் சுருங்கச் சுருங்க, இன்சுலின் இரத்தத்தில் அதிக நேரம் தங்கும். பழைய சர்க்கரை மாத்திரைகளில் சிலவும் அப்படித்தான் கழியாமல் தேங்கும். போதாததற்கு, வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் குளுக்கோஸைத் தயாரித்துத் தரும் வேலையில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு, அதுவும் குறைந்துவிடும். எல்லாம் சேர்ந்து, எதுவும் செய்யாமலே சர்க்கரை கீழே வரும். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள்.

இந்தச் சந்தோஷத்தை நான் அறைக்குள் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே வரும்போதே ரிப்போர்ட்டை நீட்டுவார்கள்: "டாக்டர், பாதி இன்சுலின்தான் போடுகிறேன், காலையில் 90 தான் வருகிறது." நான் ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, காலுறையைக் கழற்றச் சொல்வேன். கணுக்காலைச் சுற்றி எலாஸ்டிக் பதிந்து ஆழமாக ஒரு வளையம் இருக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும், மேடாகத் திரும்பி வர நேரமெடுக்கும். அப்புறம்தான் சிரிப்பு மறையும். உணவும் உடற்பயிற்சியும் மாறாமல், எடை குறையாமல், சர்க்கரை மட்டும் தானாக இறங்கினால் அதே வாரம் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நுரையைப் பார்க்கிறீர்கள், கிரியேட்டினினைப் பார்க்கிறீர்கள். நான் பார்த்தது கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: "ஏசிஆர் 180, நான்கு மாதம் கழித்து 210." இதற்குத்தான் நீங்கள் பயந்திருக்க வேண்டும். இதற்காகத்தான் அந்தப் புது மாத்திரையையே கொடுத்திருக்கிறார்கள்.

ஏசிஆர் என்பது சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தை அதே சிறுநீரின் கிரியேட்டினினோடு ஒப்பிடும் கணக்கு. 30-க்குக் கீழே இருக்க வேண்டும். 30 முதல் 300 வரை மிதமான கசிவு, அதற்குமேல் கடுமையான கசிவு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி ஆகியவை இந்த எண்ணைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். அதனால் ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வரமாட்டோம், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டு அதிகமாக இருந்தால்தான் ஒப்புக்கொள்வோம். உங்களுக்கு இரண்டு வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரில் மூன்றாவதையும் பார்த்துவிடுங்கள், ஆனால் அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப் போடவேண்டாம்.

நுரையை விட்டுவிடுங்கள். வேகமாக விழுந்தாலே சிறுநீர் நுரைக்கும். உங்கள் அளவு கசிவுக்கு நுரையே வராமலும் இருக்கலாம். லேபில் சாதாரணமாகச் செய்யும் 'யூரின் ரொட்டீன்' பட்டையிலும் இந்த அளவு 'இல்லை' என்றே வந்துவிடலாம். பல பேர் அதைக் காட்டி "புரோட்டீன் நில் டாக்டர்" என்கிறார்கள். ஏசிஆர் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் தெரியும். கிரியேட்டினினும் இந்தக் கட்டத்தில் துணைக்கு வராது. வேலைத்திறனில் ஏறக்குறைய பாதி போகும்வரை அது 'நார்மல்' வரம்புக்குள்ளேயே நிற்கக்கூடியது. கசிவு அதற்குப் பல வருஷம் முன்பே தொடங்கிவிடும். வலி கிடையாது, எரிச்சல் கிடையாது, வீக்கம் கிடையாது. அந்தப் பல வருஷம்தான் எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம், நீங்கள் இப்போது அதற்குள் இருக்கிறீர்கள்.

இப்போது அந்த 1.05. உங்கள் வயதுக்குக் கணக்குப் போட்டால் ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், 77-இலிருந்து 64-க்கு வந்திருக்கிறது. பார்த்ததும் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் ஏன் இறங்கியது என்று தெரிந்தால் பயம் போய்விடும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டி முடிச்சுகள் உண்டு. சர்க்கரை அதிகமாக இருக்கும் வருஷங்களில், முடிச்சுக்குள் இரத்தம் நுழையும் குழாய் அகலமாகிவிடும். உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில்தான் சல்லடை நைந்து அல்புமின் கசிகிறது. டேபாகிளிஃப்ளோசின் அந்த நுழைவுக் குழாயைச் சற்றுச் சுருக்கும், நீங்கள் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையான லோசார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். இரண்டு பக்கமும் அழுத்தம் தணியும். தணிந்தால் வடிகட்டும் வேகம் கொஞ்சம் குறையும், கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். மருந்து சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது என்பதற்கு அது அடையாளம். ஈஜிஎஃப்ஆர் 30 சதவீதத்துக்குமேல் இறங்கினால் நாங்களே காரணம் தேடுவோம். உங்களுக்கு இறங்கியது 17 சதவீதம்.

இதை வெறும் தைரியத்துக்காகச் சொல்லவில்லை. 2019-இல் வெளியான கிரெடென்ஸ் ஆய்வில், சர்க்கரை நோயும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ள 4,401 பேருக்கு இதே குடும்பத்து மருந்தான கனாகிளிஃப்ளோசினையும் மருந்தில்லாத போலி மாத்திரையையும் பிரித்துக் கொடுத்தார்கள். முதல் மூன்று வாரத்தில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஈஜிஎஃப்ஆர் சராசரியாக 3.7 இறங்கியது, மற்றவர்களுக்கு 0.6 தான். அந்த மூன்றாவது வாரத்தோடு ஆய்வை நிறுத்தியிருந்தால், உங்களைப் போலவே எல்லோரும் மருந்தைக் குற்றம் சொல்லியிருப்பார்கள். நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு, மருந்து சாப்பிட்டவர்களுக்கு வருஷத்துக்கு 1.85 குறைந்தது, போலி மாத்திரைக்காரர்களுக்கு 4.59 குறைந்தது. கிட்னி செயலிழப்பு, கிரியேட்டினின் இரட்டிப்பாவது, சிறுநீரக அல்லது இதய மரணம் என்ற மொத்தக் கணக்கில் ஆபத்து 30 சதவீதம் குறைவு. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் உங்கள் மாத்திரையையே வைத்து நடந்த டாபா-சிகேடி ஆய்விலும் அதுவே நடந்தது, சீக்கிரம் முடித்தார்கள். அதற்குப் பிறகு இதே குடும்பத்து எம்பாகிளிஃப்ளோசினை வைத்து வந்த எம்பா-கிட்னி ஆய்வில், ஏசிஆர் 200-க்குமேல், ஈஜிஎஃப்ஆர் 45 முதல் 90-க்குள் இருந்தவர்களையும் சேர்த்தார்கள். உங்கள் இரண்டாவது ரிப்போர்ட்டோடு போயிருந்தால் உங்களையும் சேர்த்திருப்பார்கள்.

எண் ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே நோயின் கதை என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. பார்டாக்சொலோன் என்ற மருந்து ஈஜிஎஃப்ஆரை அழகாக ஏற்றிக் காட்டியது. நாங்கள் எல்லோரும் ஆவலாகக் காத்திருந்தோம். 2012-இல் அந்தப் பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், காரணம் இதயச் செயலிழப்பு கூடியது. ரிப்போர்ட் அழகாக இருந்தவர்கள்தான் ஆபத்தில் இருந்தார்கள்.

அப்பாவின் வருஷத்தை நீங்கள் எழுதியிருந்ததால் இதையும் சொல்ல வேண்டும். லோசார்டனும் அதே குடும்பத்து இர்பெசார்டனும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் சிறுநீரகத்தைக் காக்கும் என்று காட்டிய பெரிய ஆய்வுகள் வெளியானது 2001-இல். அப்பா டயாலிசிஸுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கடுத்த உருப்படியான மருந்துக்கு 2019 வரை காத்திருந்தோம். இப்போது ஃபினெரெனோன் இருக்கிறது, வாரம் ஒரு ஊசியாகப் போடும் செமாக்ளூடைடும் 2024-இல் சிறுநீரகத்துக்குப் பலன் காட்டிவிட்டது. அப்பாவுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

லோசார்டனை நிறுத்தாமல் இருந்தது நல்லது. ஆனால் 25 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2001 ஆய்வில் 50-இல் தொடங்கி 100 வரை கொடுத்தார்கள். உங்களைப் போல மிதமான கசிவு உள்ளவர்களிடம் அதே வருஷம் இர்பெசார்டனை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு வருஷத்தில் கடுமையான கசிவுக்குப் போனவர்கள், போலி மாத்திரையில் 14.9 சதவீதம், 150 மில்லிகிராமில் 9.7, 300-இல் 5.2. இந்த மருந்துகளில் அளவு முக்கியம். இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் இடம் கொடுத்தால் ஏற்றலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்காது. அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், ஈஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்துவோம். கிட்னி கெட்டவர்களுக்கு டாக்டர் அதை நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, அதனால்தான் கிட்னி கெட்டது என்று தலைகீழாகச் சொல்லி வீடியோ போடுகிறார்கள். உங்களுக்கு 64. தாராளமாகச் சாப்பிடலாம். ராத்திரி இரண்டு தடவை எழுவதும், மாத்திரைகளை நிறுத்தியதில் ஏறிய சர்க்கரையின் வேலையாகத்தான் இருக்கும். முதுகுவலிக்கும் சர்க்கரையால் வரும் சிறுநீரக நோய்க்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் அந்த முதுகுவலிக்கு ஆறு மாதமாக, டாக்டரைக் கேட்காமலே, தினமும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடுகிறீர்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டு, அதைக் கெடுக்கக்கூடிய ஒன்றைத் தினமும் விழுங்கியிருக்கிறீர்கள், அதுவும் லோசார்டனோடு சேர்த்து. கிரியேட்டினின் ஏறியதில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். இன்றே நிறுத்துங்கள். வலி தாங்கவில்லை என்றால் அளவோடு பாராசிட்டமால், அப்புறம் முதுகை ஒருவர் நேரில் பரிசோதிக்கட்டும்.

கிட்னியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய மூலிகைப் பொடியும் வேண்டாம். மூலிகை என்பதால் இளக்காரமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் நிறுத்திய மாத்திரையின் மூதாதை, 1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்த ஃப்ளோரிசின்தான். அங்கிருந்து கிளம்பி, மாற்றியமைத்து, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்த பிறகே உங்கள் கைக்கு வந்தது. உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதவே இல்லை. 1990-களில் பெல்ஜியத்தில், எடை குறைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குக் கிட்னி அடியோடு போனது. அதில் அரிஸ்டோலோக்கியா என்ற செடி கலந்திருந்தது.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கும்போது இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டேபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். சுத்தமாகக் கழுவி ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், வந்தால் களிம்பில் சரியாகும். இன்னொன்று, வாந்தி, வயிற்றுப்போக்கு, கடுமையான காய்ச்சல் என்று சாப்பிட முடியாத நாட்கள். அப்போது இதையும் மெட்ஃபார்மினையும் லோசார்டனையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டும், உடல் தேறி ஓரிரு நாள் நன்றாகச் சாப்பிட்ட பிறகு ஆரம்பிக்கலாம். அந்த நாட்களில் மூச்சு வாங்கினால், வயிறு வலித்து வாந்தி நிற்காவிட்டால், சர்க்கரை 180 தான் இருக்கிறது என்று வீட்டில் உட்காராதீர்கள். இந்த மருந்தில் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் அமிலம் கூடக்கூடும். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள், எத்தனை நாள் என்பதையும் வலி மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆரம்பித்த மூன்று நான்கு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும், மூன்று மாதத்தில் ஏசிஆரும் பார்க்க வேண்டும். கண்ணின் விழித்திரையைச் சோதித்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். மூன்றாவது மாத ஏசிஆர் எண்ணை எனக்கு எழுதுங்கள்.

தம்பிக்கும் நான்கு வருஷமாகச் சர்க்கரை என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு ஏசிஆர் கடைசியாக எப்போது பார்த்தார்கள்?