அக்காவைக் கேளுங்க: பேன்ட்டு ஏறல, பேடு நிக்கல

கேள்வி: அக்கா, நான் தண்டையார்பேட்டை பொண்ணு, இப்ப டொரான்டோல வேலை. அங்க ஆபீஸ் பொண்ணுங்களோட லேடீஸ் ஐஸ் ஹாக்கி டீம்ல சேந்துட்டேன், பிகினர்ஸ் டீம்தான். எனக்கு கொஞ்சம் பூசினாப்ல உடம்பு, மேலயும் சரி கீழயும் சரி. ஆட்டத்துக்குப் போடுற பேடு வச்ச அரை பேன்ட் மீடியம் சைஸ் தொடையிலயே நின்னுடுது, எக்ஸ்எல் போட்டா இடுப்புல தொளதொளன்னு கீது, கீழ முட்டிய தாண்டி தொங்குது. ஷோல்டர் பேடு மாட்டுனா மூச்சு முட்டுது. கடைல கேட்டா இதான் இருக்குன்றான். லீவுக்கு வந்த எடத்துல எங்கம்மா, "இன்னாத்துக்கு கவலப்படுற, எம்.சி. ரோடு டெய்லராண்ட குடுத்தா பிரிச்சு தச்சுக் குடுத்துருவாரு"ன்றாங்க. குடுக்கலாமா? இல்ல உடம்ப கொறச்சுட்டுதான் ஆடணுமா?
- பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: உடம்ப கொறைக்கிறது உங்க இஷ்டம்மா, ஆனா ஒரு பேன்ட்டுக்காக கொறைக்காதீங்க. 1998லயே நாகானோ ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் ஐஸ் ஹாக்கி வந்தாச்சு, இன்னும் கடைல பாதிக்கு மேல ஆம்பள கட்டுக்கு செஞ்ச சாமான்தான் தொங்குதுன்னா தப்பு உங்க இடுப்பு மேல இல்ல.

ஏறலன்னா ரெண்டு சைஸ் பெரிசா எடுக்குறதுதான் எல்லாரும் பண்றது, அதுதான் வேண்டாங்கிறேன். பேடுங்கிறது எலும்பு மேல உக்காரணும். மார்புக்கு எடம் வேணும்னு பெரிய ஷோல்டர் பேடு எடுத்தா தோள்ல நிக்க வேண்டிய கிண்ணம் கைக்கு எறங்கிடும், அப்புறம் ஐஸ் தளத்த சுத்தி இருக்குற சுவத்துல மோதுறப்ப அடி நேரா தோள் எலும்புலதான். பெண்களுக்குன்னே வர்ற ஷோல்டர் பேடு இருக்கு, தோள் கொஞ்சம் குறுகலா, மார்புக்கு எடம் விட்டு, ஒடம்பு நீளம் கம்மியா செஞ்சிருப்பாங்க, அத கேட்டு வாங்குங்க. போட்டுப் பாக்கறப்ப ஆட்டத்துக்குப் போடுற அதே ஸ்போர்ட்ஸ் பிராவோட போங்க, ஜாக்கெட் அளவு குடுக்கப் போறப்ப நாம பண்றதுதானே. அப்பவும் பக்கவாட்டு பட்டை எட்டலன்னா பட்டைய நீட்டிக்கலாம், சைஸ ஏத்த வேண்டியதில்ல.

பேன்ட் விஷயம்தான் பெரிய தலைவலி. சைஸ் சார்ட்ல பெரும்பாலும் வெயிஸ்ட்தான் போட்டிருக்கும், உங்களுக்கு மாட்டிக்கிறது நம்ம டெய்லருங்க சீட்டுன்னு சொல்ற அளவு, அதாவது பின்பக்கம் அகலமான எடத்துல சுத்தி எடுக்குறது, அதனால சீட்டளவுக்கு ஏறுற பேன்ட்ட எடுத்துட்டு வெயிஸ்ட்ட நாடா, பெல்ட், சஸ்பெண்டர்னு எதையாவது போட்டு இழுத்துக்குங்க. பெண்கள் கட்டு பேன்ட் ஹிப்புல அகலம், வெயிஸ்ட்ல குறுகல். சில பேன்ட்ல உள்தொடையில ஜிப் இருக்கும், தொறந்தா தொடைக்கு எடம் கெடைக்கும். இன்னொரு வழி கர்டில், உடம்போட ஒட்டுற ஸ்ட்ரெச் துணில பேடு வச்சு வரும், மேல ஷெல்லுன்னு லேசான ஒரு பேன்ட். உங்க உடம்புவாகுக்கு என் ஓட்டு கர்டிலுக்குத்தான், ஏன்னா பேடு தொடையோடயே நகரும், தொங்காது. எத எடுத்தாலும் கடையிலயே ஷின் கார்டும் (முட்டிக்கும் கீழ்க்காலுக்கும் போடுற கவசம்) மாட்டி குனிஞ்சு, முட்டி போட்டுப் பாருங்க, பேன்ட் ஓரம் ஷின் கார்டோட மேல் பக்கத்த ஓரிஞ்சாவது மூடணும், முதுகுல பேன்ட்டுக்கும் ஷோல்டர் பேடுக்கும் நடுவுல எடவெளி தெரியக் கூடாது. கடைக்காரன் முறைச்சா முறைக்கட்டும்.

ஸ்கேட்டு, அதாவது ஐஸ்ல சறுக்குற பிளேடு வச்ச ஷூ, அதோட சைஸ் ஆம்பள ஷூ நம்பர்லேர்ந்து ஒன்னு, ஒன்றரை கம்மியா வரும், பாதம் அகலம்னா பாவர் கம்பெனி ஸ்கேட்டுல ஃபிட் 3, சிசிஎம் கம்பெனில வைட்னு கேளுங்க. ஜெர்சி இடுப்புல பிடிச்சா கோல்கீப்பருக்குன்னு தைக்கிற அகல ஜெர்சிய எடுங்க.

அம்மா சொன்ன டெய்லர் விஷயத்துக்கு வரேன். பாதி சரி. வெல்க்ரோ மாத்துறது, எலாஸ்டிக் நீட்டுறது, கெண்டைக்கால் பெரிசுன்னா ஷின் கார்டு பட்டைய நீளமாக்குறது, ஷெல்லு துணிய பக்கத்துல பிரிச்சு துண்டு வைக்கிறது, இதெல்லாம் தாராளமா குடுங்க, ஆனா புடவை ஜாக்கெட் தைக்கிறவர்கிட்ட இல்ல, பாரிமுனை பக்கம் பேக் ரிப்பேர் பண்றவங்க இருப்பாங்க பாருங்க, கெட்டி நைலான் தைக்கிற மெஷின் அவங்ககிட்டதான் இருக்கும். ஃபோம், பிளாஸ்டிக், ஹெல்மெட் மூணுலயும் கத்திரிக்கோல் படவே கூடாது, எவ்ளோ நல்ல டெய்லரா இருந்தாலும்.

கேள்வி: என் பொண்ணும் கனடால இந்த ஆட்டம் ஆடுறா. ஸ்கேட்டு பிளேடு பட்டு ஒருத்தர் செத்துட்டார்னு படிச்சதுலேர்ந்து தூக்கம் இல்ல. கழுத்துக்கு எதுவும் போடுவாங்களா?
- ஒரு தாய், காசிமேடு

பதில்: நீங்க படிச்சது 2023 அக்டோபர்ல இங்கிலாந்து ஷெஃபீல்டுல நடந்தது, ஆடம் ஜான்சன்ங்கிற பிளேயர். அதுக்கப்புறம் சர்வதேச ஐஸ் ஹாக்கி சங்கம் தன் போட்டிகள்ல எல்லாருக்கும் கழுத்துக் கவசத்த கட்டாயமாக்கிடுச்சு. ஹாக்கி கனடா கீழ ஆடுற பெண்களுக்கு பிஎன்க்யூங்கிற கனடா தரச்சான்று முத்திரை போட்ட நெக் கார்டு கட்டாயம். சும்மா ஜாலி டீம்னா யாரும் கேக்க மாட்டாங்க, அதனால நீங்க கேளுங்கம்மா. கழுத்து சுத்தளவு பாத்து வாங்கச் சொல்லுங்க, லூசா இருந்தா கீழ சரிஞ்சிடும், எறுக்கமா இருந்தா ரெண்டாவது மேட்ச்லயே கழட்டி பையில போட்டுருவா.