லுக்கேமியா செல்லைக் கொல்லாமல் முதிர வைக்கும் சிகிச்சை

கீமோ செல்லைக் கொல்கிறது. செல்லை முதிர வைக்கும் டிஃபரன்ஷியேஷன் தெரபி, கொல்லாமலே லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயை எப்படி அடக்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தவியல் ஆய்வகத்தில் ஸ்லைடு பார்ப்பது என் வேலை. மைக்ராஸ்கோப்பில் தெரிவதை வைத்தே சொல்கிறேன்.

இந்தச் சிகிச்சை பெரிய வெற்றி கண்டது ஏபிஎல் என்ற அக்யூட் ப்ரோமைலோசைடிக் லுக்கேமியாவில். எலும்பு மஜ்ஜையில் இளம் செல்கள் படிப்படியாக முதிர்ந்துதான் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு ஆகும். ஏபிஎல்லில் 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிஎம்எல்-ராரா என்ற ஒட்டுப் புரதம் உண்டாகிறது. அது முதிர்ச்சிக்கான ஜீன்களின் மேல் உட்கார்ந்து, அவற்றை வேலை செய்ய விடாது. செல் ப்ரோமைலோசைட் என்ற இளம் பருவத்திலேயே நின்று பெருகிக்கொண்டே போகும்.

ஏட்ரா, வைட்டமின் ஏ வழி வந்த மருந்து, ஒரு வகை ரெட்டினாயிக் அமிலம். உடம்பில் இயல்பாக இருக்கும் ரெட்டினாயிக் அமிலத்துக்கு இந்தப் புரதம் அசையாது. மருந்தின் கூடுதல் அளவுக்கு ஜீன்களை விட்டுவிடும், அப்புறம் அதுவே சிதைந்தும் போகும். செல் நின்ற இடத்திலிருந்து வளர ஆரம்பிக்கிறது. உட்கரு கண்டம் கண்டமாகப் பிரிகிறது, பெருகுவது நிற்கிறது. முதிர்ந்த நியூட்ரோஃபில் சில நாட்களுக்கு மேல் தாங்காது. ஆயுள் முடிந்து தானே சாகும்.

முதிர்ந்து தெரிவது புதிதாக முளைத்த நல்ல செல்களாக இருக்கக்கூடாதா? சிகிச்சை நடக்கும்போது எடுத்த ஸ்லைடில், முதிர்ந்த நியூட்ரோஃபிலுக்குள் ஆவர் ராட் என்ற சிவந்த ஊசி சில சமயம் தெரியும். நல்ல செல்லில் அது இருக்காது. அதே முதிர்ந்த செல்களில் 15-17 மாற்றத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜீன் கோளாறு அப்படியேதான் இருக்கிறது, அதைச் சுமந்துகொண்டே செல் முதிர்ந்துவிட்டது. என் வேலையில் எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி கிடையாது.

ஷாங்காயில் வாங் ஜென்யீ என்ற மருத்துவர் 1985இல் 5 வயதுச் சிறுமிக்கு ஏட்ரா கொடுத்தார். 1988இல் அவருடைய குழு வெளியிட்ட 24 நோயாளிகளின் முடிவில் எல்லோருக்குமே நோய் அடங்கியிருந்தது. ஒருவருக்கு மட்டும் கீமோவும் தேவைப்பட்டது. ஆனால் ஏட்ரா மட்டும் என்றால் நோய் திரும்பி வரும், ஏனென்றால் லுக்கேமியாவைத் தொடர்ந்து உண்டாக்கும் வேர்ச்செல்கள் மிஞ்சிவிடுகின்றன. அங்கேதான் ஆர்சனிக் ட்ரையாக்சைடு, நம்மூர் வெள்ளைப் பாஷாணம், கைகொடுத்தது. சீனாவின் ஹார்பினில் தொடங்கிய மருந்து இது. அதே புரதத்தின் பிஎம்எல் பக்கத்தைப் பிடித்து அழிக்கும். வேலூர் சிஎம்சியில் 1998 முதல் 72 பேருக்கு ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்ததில் 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. கீமோவின் செலவைத் தாங்க முடியாத குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! பிறகு 2013இல் வந்த ஐரோப்பிய ஆய்வு, அதிக ஆபத்தில்லாத ஏபிஎல்லுக்குக் கீமோவே இல்லாமல் இரண்டு மருந்தும் போதும் என்று காட்டியது.

மற்ற லுக்கேமியாக்களில் இவ்வளவு சுத்தமான வெற்றி இன்னும் இல்லை. ஐடிஎச் என்ற ஜீன் மாறிய ஏஎம்எல்லில் (அக்யூட் மைலாய்டு லுக்கேமியா) எனாசிடெனிப், ஐவோசிடெனிப் என்ற மருந்துகள் இதே வழியில் ஓரளவு பலன் தருகின்றன.

கொல்லாத சிகிச்சை என்பதால் சாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே நேரத்தில் ஏராளமான செல்கள் முதிரும்போது அவை நுரையீரலுக்குள் புகுந்து, காய்ச்சல், மூச்சுத்திணறல், உடல் வீக்கம் வரலாம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை உடனே தொடங்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆகவே வீட்டில் யாராவது இந்த மருந்தில் இருந்தால் தினமும் எடை பாருங்கள். திடீரென்று ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.