சூறாவளிக்குத் துணி போதும், முகத்தில் அலுமினியம் வேண்டாம்

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் ‘தி விசர்ட் ஆஃப் ஓஸ்’ கதையை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நாடகமாகப் போடுகிறோம். 1939-இல் கம்ப்யூட்டர் இல்லாமல் எடுத்த படம்தானே, அவர்கள் செய்தபடியே நாமும் செய்துவிடலாம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். சூறாவளி, பழுப்பிலிருந்து வண்ணத்துக்கு மாறும் காட்சி, தகர மனிதனின் வெள்ளி முகம், சூனியக்காரி கரைவது, பனி. இவற்றில் எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்? இன்னொன்று: படத்தில் பின்னால் ஒருவர் தூக்கில் தொங்குவது தெரிகிறது என்று பிள்ளைகள் யூடியூப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: அன்புள்ள டீச்சர், துணியையும் வெளிச்சத்தையும் வைத்து அவர்கள் செய்த வித்தைகளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் பூசியது, காற்றில் தூவியது, கொளுத்தியது, இவற்றில் ஒன்றைக்கூடப் பள்ளி மேடைக்குக் கொண்டுவர வேண்டாம்.

சூறாவளியிலிருந்து தொடங்குகிறேன். எம்ஜிஎம் ஸ்டூடியோவில் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஆர்னால்ட் கில்லெஸ்பி முதலில் ரப்பரில் ஒரு கூம்பு செய்து பார்த்தார். அது விறைப்பாக நின்றதே ஒழிய முறுக்கிக்கொள்ளவில்லை. விமான நிலையத்தில் காற்றின் திசை காட்டப் பறக்கவிடும் துணிக்குழாய் நினைவுக்கு வர, மஸ்லின் துணியில் சுமார் 35 அடி நீளத்துக்கு ஒரு கூம்பு தைத்தார்கள். மேல்முனையை ஸ்டூடியோ கூரையில் ஓடும் கிரேனில் மாட்டிச் சுழற்றினார்கள். கீழ்முனையைத் தரையில் வெட்டிய வளைந்த பள்ளத்தின் வழியே தனியாக இழுத்தார்கள். மேலும் கீழும் வேறு வேறு பக்கம் போனதால்தான் அந்தப் பாம்பு நெளிவு வந்தது. உள்ளே ஃபுல்லர்ஸ் எர்த் என்ற நுண்ணிய மண்ணைக் காற்றழுத்தத்தில் பாய்ச்சினார்கள். நம் வீடுகளில் முகத்துக்குப் போடும் முல்தானி மிட்டிதான் அது. துணியின் இழைகள் வழியே தூசி கசிந்து வெளியே வந்ததால் ஓரங்கள் மங்கி, துணி என்பதே தெரியாமல் போனது. மேலே இருந்த கிரேனை மறைக்க, பஞ்சு ஒட்டிய கண்ணாடிகளைக் கேமராவுக்கு முன்னால் நகர்த்தி மேகமாக்கினார்கள்.

உங்கள் மேடைக்குப் பத்தடி போதும். சாம்பல் சாயம் தோய்த்த மெல்லிய வெள்ளைத் துணியைக் கூம்பாகத் தைத்து, உள்ளே நாலைந்து இடத்தில் பிரம்பு வளையம் வையுங்கள். மேலே திரைக் கம்பியிலிருந்து ஒரு பெரியவர் கையால் முறுக்கட்டும். கீழ்முனையைக் கறுப்பு உடை போட்ட ஒரு பையன் பிடித்துக்கொண்டு மேடைக் குறுக்கே வளைந்து வளைந்து நடக்கட்டும். முன்பக்கம் ஒரு வெள்ளைத் திரை, பின்னாலிருந்து ஒரே ஒரு விளக்கு. பார்வையாளர் பார்ப்பது நிழலை மட்டும்தான். நிழலுக்கு மங்கிய ஓரம் தானாகவே வந்துவிடும், தூசி தேவையில்லை. மூடிய அரங்கில் முல்தானி மிட்டி உட்பட எந்தப் பொடியையும் விசிறி வைத்து ஊதாதீர்கள்.

வண்ணம் மாறும் காட்சிதான் அந்தப் படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த வேலை. கருப்பு வெள்ளை ஃபிலிமில் தொடங்கி வண்ண ஃபிலிமுக்கு ஒட்டுப் போட்டிருப்பார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்த ஷாட் முழுவதும் டெக்னிக்கலர் என்ற வண்ணப்பட முறையின் கேமராவில் எடுத்தது. வீட்டின் உட்புறச் சுவர், கதவு எல்லாவற்றுக்கும் பழுப்புப் பெயின்ட் அடித்தார்கள். கதாநாயகி டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்டுக்குப் பதிலாக நிற்கும் பாபி கோஷே, பழுப்பில் தைத்த அதே கவுனைப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி வந்து கதவைத் திறந்தார். வெளியே மஞ்சள் கல் பாதையும் பூக்களும். கேமரா வாசலைத் தாண்டி முன்னேற, அவர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். அடுத்து கேமராவின் பார்வைக்குள் நுழைந்தவர் நீலக் கட்டம் போட்ட கவுனில் ஜூடி. ஒட்டும் இல்லை, வெட்டும் இல்லை.

இதை நீங்கள் அப்படியே செய்யலாம், செய்ய வேண்டும் என்றே சொல்வேன். ஒரே உயரத்தில், ஒரே மாதிரி இரட்டைச் சடை போட்ட இரண்டு பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒருத்திக்குப் பழுப்புக் கவுன், இன்னொருத்திக்கு நீலக் கட்டம். மேடையின் முன்பாதியில் பழுப்புத் துணியால் மூடிய ஒரு கதவுச் சட்டம், அதற்கு அடர்ந்த ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) விளக்கு மட்டும். ஆம்பர் வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் செத்துப் போய்விடும். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பழுப்புக் கவுன்காரி முதுகு காட்டிக் கதவைத் திறந்து கதவோடு ஒதுங்க, மற்றவள் மறைவிலிருந்து வாசலைத் தாண்டும் அதே நொடியில் பின்பாதியின் வெள்ளை விளக்குகள் முழுதாக எரிய வேண்டும். விளக்குக்காரரையும் அந்த இரண்டு பிள்ளைகளையும் மட்டும் தனியாக வைத்து, கை பழகும்வரை ஒத்திகை பாருங்கள். இங்கே அரை நொடி பிந்தினாலும் காட்சி போய்விடும்.

இனி தகர மனிதன். அந்த வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் பட்டி எப்ஸன். வெள்ளைப் பூச்சின் மேல் அலுமினியத் தூளைத் தூவி அவருக்கு மேக்கப் போட்டார்கள். 1938 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மூச்சுவிட முடியாமல் மருத்துவமனையில் சேர்ந்து, ஆக்ஸிஜன் உதவியோடு கிடந்தார். நுரையீரல் முழுக்க அந்தத் தூள். வேடம் ஜாக் ஹேலிக்குப் போனது. அவருக்குத் தூளை விட்டுவிட்டு அலுமினியப் பசையைப் பூசினார்கள். அவருக்கும் கண்ணில் தொற்று வந்தது. படத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும் இடத்தில் எப்ஸனின் குரல் மட்டும் இன்றும் இருக்கிறது.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. கேட்டுக்கு அடிக்கும் சில்வர் பெயின்ட்டையும் அலுமினியப் பொடியையும் பிள்ளைகளின் முகத்தில் பூசும் வழக்கம் நம் மேடைகளில் இன்னும் போகவில்லை. ஜிகினாப் பொடி தூவுவதும் அப்படித்தான். தயவுசெய்து வேண்டாம். முகத்துக்கென்றே விற்கும், தண்ணீரில் கழுவினால் போகும் வெள்ளி ஃபேஸ் பெயின்ட் கிடைக்கிறது. முந்தின நாளே பிள்ளையின் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அதை விட்டுவிடுங்கள். கண்ணைச் சுற்றி ஒரு விரல் அகலம் பூசாமல் விடுங்கள். இன்னும் நல்ல வழி, கன்னத்தில் மட்டும் இரண்டு கோடு போட்டு, அட்டையில் வெள்ளிக் காகிதம் ஒட்டிய தொப்பியும் கவசமும் கொடுப்பது. பிள்ளை முகபாவமும் காட்ட முடியும்.

சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் நடிப்புக்கு வருமுன் மழலையர் பள்ளி ஆசிரியை. அவருடைய பச்சைப் பூச்சில் தாமிரம் கலந்திருந்தது. 1938 டிசம்பர் 23 அன்று, புகைக்குள் அவர் தரைக்கதவு வழியே இறங்கி மறைந்த பிறகு தீ எழும்ப வேண்டிய காட்சி. அவர் முழுதாக இறங்குமுன்பே தீ கிளம்பிவிட்டது. தொப்பியும் துடைப்பமும் பற்றி, முகமும் கையும் வெந்தன. தாமிரப் பூச்சு புண்ணில் ஊறக் கூடாது என்று, வெந்த தோலின் மேலேயே அதைத் துடைத்தெடுத்தார்கள். சுமார் ஆறு வாரம் கழித்துத் திரும்பியவர், இனி நெருப்புக் காட்சியில் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். புகை கக்கும் துடைப்பக் காட்சிக்கு அவருக்குப் பதிலாக உட்கார்ந்த பெட்டி டாங்கோவுக்கு அந்தப் புகைக்குழாய் வெடித்துக் காலில் அடிபட்டது. ஆகவே உங்கள் மேடையில் மத்தாப்பு, சூடம், புகைக்குண்டு எதுவும் வேண்டாம். மறைவதற்குச் சட்டென்று விளக்கணைப்பதும் ஒரு ஜால்ரா ஓசையும் போதும்.

சூனியக்காரி கரைந்து போகும் காட்சி ஆபத்தில்லாதது. உடையின் ஓரத்தைத் தரையோடு பொருத்திவிட்டு, அவர் நின்ற பலகையை லிஃப்ட் போலக் கீழே இறக்கினார்கள். புகைக்கு உடைக்குள் உலர்பனி (டிரை ஐஸ்). உங்களுக்கு லிஃப்டும் வேண்டாம், உலர்பனியும் வேண்டாம். தரை புரளும் அகலமான கறுப்பு அங்கி தைத்து, பின்பக்கம் முழுநீளத் திறப்பு வையுங்கள். பின்திரையை ஒட்டி நின்றபடி பிள்ளை மெல்ல மெல்லக் குந்தி, திறப்பு வழியே திரைக்கு அடியில் ஊர்ந்து போய்விடலாம். அங்கியும் தொப்பியும் மட்டும் மேடையில் கிடக்கும்.

பனிக்கு அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸைத்தான் கடையிலேயே விற்றார்கள். இந்தப் படத்தின் பாப்பிப் பூ வயல் காட்சியில் பெய்ததும் அதுவே என்று பதிவாகியிருக்கிறது. நீங்கள் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, அங்கங்கே கீறல் விட்ட துணித் தூளியில் போட்டு மேலே கட்டி ஆட்டுங்கள். சூடேறும் விளக்குகளிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். தெர்மோகோல் மணிகள் மூக்கிலும் கண்ணிலும் போகும்.

தூக்கில் தொங்கும் ஆள் என்பது வெறும் புரளி. காட்டுக்கு அழகு சேர்க்க லாஸ் ஏஞ்சலஸ் மிருகக்காட்சிசாலையிலிருந்து சில பெரிய பறவைகளை இரவல் வாங்கி செட்டுக்குள் விட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று பின்னால் சிறகை விரிப்பதுதான் மங்கிய பிரதிகளில் அப்படித் தெரிந்தது. தெளிவான பிரதியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல். ஃபிராங்க் பாமின் நாவல் 1900-இல் வந்தது. அதன் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதில் டோரத்தி போடுவது வெள்ளிக் காலணி. டெக்னிக்கலரில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று படத்துக்காகத்தான் அதைச் சிவப்பாக்கினார்கள். அந்தச் சிவப்புக் காலணியும் பாடல்களும் படத்தோடு சேர்ந்தவை. டிக்கெட் போடுவதாக இருந்தாலோ வீடியோவை இணையத்தில் ஏற்றுவதாக இருந்தாலோ நாவலையே ஆதாரமாக வைத்துக்கொண்டு, பாட்டுகளை உங்கள் இசை ஆசிரியரைப் புதிதாக எழுதச் சொல்லுங்கள், காலணியையும் வெள்ளியாகவே வையுங்கள். சாதாரண கான்வாஸ் ஷூவில் வெள்ளிச் சமிக்கி தைத்தால் போதும். ஸ்டூடியோவில் காலடிச் சத்தம் கேட்காமலிருக்க அடியில் ஃபெல்ட் ஒட்டியிருந்தார்கள். உங்கள் அரங்கில் மொசைக் தரை என்றால் அது வழுக்கும். ரப்பர் அடியே இருக்கட்டும்.