காய்ந்த மணலில் புனல் குழிகள்: மருந்து தூவலாமா?

கேள்வி: சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் புளோக்கின் படிக்கட்டுக்கு அடியில், காய்ந்த மணல்மண்ணில் புனல் மாதிரிக் குழிகள் இருக்கின்றன. கறையானாக இருக்கும், பொடி தூவுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. மகனுக்கோ அந்தப் பூச்சியைப் பிடித்துப் போத்தலில் வளர்க்க ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: தயவுசெய்து பொடி தூவாதீர்கள். கறையான் சுவரிலும் மரத்திலும் மண்குழாய் கட்டி நடமாடும். இப்படிக் குழி பறிக்காது. உங்கள் படிக்கட்டுக்கு அடியில் இருப்பது குழிநரி. குழியானை என்றும் சொல்வார்கள்.

அது முழுப்பூச்சி அல்ல, புழுப்பருவம். பின்பக்கமாகவே நகர்ந்து, வட்டமிட்டு மண்ணை வெளியே தள்ளிக் குழி அமைக்கும். பிறகு அடியில் புதைந்து தாடையை மட்டும் விரித்து வைத்திருக்கும். எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்தால் மணல் சரியும். அது மேலே ஏறப் பார்த்தால், குழிநரி தலையைச் சொடுக்கி மணலை வீசும். சரிவு குலைந்து எறும்பு நேராகத் தாடைக்குள் விழும். சாற்றை உறிஞ்சியபின் வெறும் கூட்டைக் குழிக்கு வெளியே எறிந்துவிடும். குழியோரம் உற்றுப் பாருங்கள், செத்த எறும்புகளின் வெற்றுக் கூடுகள் கிடக்கும். இந்தப் பருவம் முடியும்வரை அது கழிவையே வெளியேற்றுவதில்லை. எல்லாம் உடலுக்குள்ளேயே சேர்ந்திருக்கும். வீட்டையும் கெடுக்காது, பிள்ளைகளுக்கும் ஆபத்தில்லை.

நான் பொடி வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இடம். சரிவு நிற்க மண் உலர்ந்து, உதிரியாக இருக்க வேண்டும். நனைந்த மண்ணில் இந்தப் பொறி வேலை செய்யாது. சிங்கப்பூரிலோ சராசரியாக ஆண்டுக்கு 171 நாள் மழை, அளவில் 2,100 மில்லிமீட்டருக்கு மேல். மழை படாத மண் நமக்கு அரிது. கூரை விளிம்புக்குக் கீழும் படிக்கட்டுக்கு அடியிலும் மிஞ்சும் துண்டு நிலத்தைத்தான் இவை நம்பியிருக்கின்றன. அதையும் சிமெண்டு பூசி மூடினாலோ, புல் பதித்துத் தண்ணீர் விட்டாலோ, ஓஸ் பைப்பால் கழுவினாலோ அங்கே குழிநரி இருக்காது. பொடி இன்னொரு வழியில் கெடுக்கும்: இவற்றுக்கு இரையாகும் எறும்புகளையும் கொன்றுவிடும். அங்கே மராமத்து வேலை வரப்போகிறது என்று தெரிந்தால், அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிட முடியுமா என்று நகர மன்றத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மகனுக்கு: போத்தல் வேண்டாம். குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு புல்நுனியால் விளிம்பை மெல்ல உரசச் சொல்லுங்கள், மணல் பறக்கும். ஒருமுறை போதும், சரிந்த குழியைத் திரும்ப அமைக்க அதற்கு உழைப்பு வேண்டும். பூங்காக்களில் கண்டால் எடுத்துவர நினைக்கவே கூடாது. அனுமதியின்றிப் பூங்காவிலிருந்து உயிரினங்களை எடுப்பது சட்டப்படி குற்றம்.

பயனுள்ள வேலை ஒன்று உண்டு. வளர்ந்த குழிநரி இரவில் காரிடார் விளக்குக்கு வரும். பார்க்க ஊசித்தட்டான் போலிருக்கும். ஆனால் உணர்கொம்பு நுனியில் தடித்திருக்கும், இறக்கைகள் உடல்மேல் கூரைபோல் மடிந்திருக்கும். புழுவை வைத்து இனம் பிரிப்பது கடினம், இதை வைத்துச் சொல்வது எளிது. உணர்கொம்பும் இறக்கை நரம்புகளும் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, நாளும் இடமும் குறித்து, கண்ட உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் மகனையே பதியச் சொல்லுங்கள்.