காய்ச்சல் வந்தால் மருந்து இருக்கிறதே, சிங்கப்பூரிலேயே பிறந்த 70 வயது அப்பாவுக்கு ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் (ஃப்ளூ) தடுப்பூசி எதற்கு?

மருந்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள், ஊசியைப் போட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில் தாதியாக இருக்கிறேன். நம் பெரியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இதே கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சளிக்காய்ச்சலை வெல்வது கடைசியில் உடல்தான். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். முன்பின் பார்த்திராத கிருமி உள்ளே நுழைந்தால், அதற்குப் பொருந்தும் வெள்ளை அணுக்களைத் தேடிப் பிடித்து, பெருக்கி, கிருமியை எதிர்க்கும் புரதமான எதிர்ப்பொருளைப் போதிய அளவு உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். கிருமியோ சில மணி நேரத்தில் பல மடங்காகிவிடுகிறது. ஆபத்தெல்லாம் அந்த இடைவெளியில்தான். இளவயதுக்காரர் நான்கு நாள் படுத்து எழுந்துவிடுவார். வயதானவருக்கு, அதிலும் நீரிழிவோ இதய நோயோ இருந்தால், அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

அந்த இடைவெளியில் மருந்து என்ன செய்யும்? பாரசிட்டமால் காய்ச்சலையும் உடல்வலியையும் தணிக்கும், கிருமியைத் தொடாது. 'நல்ல ஆன்டிபயாடிக்காகக் கொடுங்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அதை அழிக்கிறது. நம் உடல் அணுக்களுக்கு அந்தச் சுவர் கிடையாது என்பதால் நமக்குக் கேடில்லை. வைரசுக்கும் அது கிடையாது, ஆகவே சளிக்காய்ச்சலில் அந்த மருந்துக்கு வேலையே இல்லை. வைரசுக்கென்றே உள்ளது ஒசல்டாமிவிர். புதிதாக உருவான வைரஸ்கள் அணுவை விட்டு வெளியேறிப் பரவுவதை அது தடுக்கும். ஆனால் அறிகுறி தோன்றி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நம் பெரியவர்கள் தைலம் தேய்த்து, இஞ்சிக் கஷாயம் குடித்து, 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்வதற்குள் அந்த இரண்டு நாளும் போய்விடுகின்றன. எனக்கு மனம் வலிப்பது இதில்தான்.

தடுப்பூசி அந்த அவகாசத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. செயலிழந்த வைரசின் பகுதிகளைத்தான் ஊசியில் செலுத்துகிறோம். அதனால் நோய் வராது. உடல் அவற்றை அடையாளம் கண்டு, எதிர்ப்பொருளையும், அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும் அணுக்களையும் சுமார் இரண்டு வாரத்தில் ஆயத்தமாக்கிவிடும். கை வலியும் லேசான காய்ச்சலும் வந்தால், உடல் அந்த வேலையில் இறங்கிவிட்டது என்று பொருள். ஊசி போட்டவருக்கும் சளிக்காய்ச்சல் வரலாம், மறுக்கவில்லை. மருத்துவமனை வரை போகும் அளவுக்கு முற்றும் வாய்ப்பு குறைகிறது என்பதே பெரிய லாபம். வைரசின் மேற்புறப் புரதங்கள் மாறிக்கொண்டே இருப்பதாலும் பாதுகாப்பு நாளடைவில் குறைவதாலும் ஆண்டுதோறும் போடச் சொல்கிறோம்.

உங்கள் தந்தை இங்கேயே பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1958இல் சிங்கப்பூரில் போலியோ பரவியபோது, ஏறத்தாழ இரண்டு லட்சம் பிள்ளைகளுக்கு ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய தடுப்பு மருந்து வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. பரவியது முதல் வகை வைரஸ், கொடுத்தது வலுவிழக்கச் செய்த இரண்டாம் வகை. அது குடலில் இடம்பிடித்துக்கொண்டால் மற்றதை அண்டவிடாது என்பது அன்றைய மருத்துவர்களின் கணக்கு. அந்தப் பிள்ளைகளில் உங்கள் தந்தையும் ஒருவராக இருந்திருக்கலாம், கேட்டுப்பாருங்கள். போலியோவைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை கிடையாது. தடுப்பு மருந்து மட்டும்தான் இருக்கிறது.

65 வயதைக் கடந்தவர்களுக்கு, நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியும் இங்கே பரிந்துரைக்கப்படுகிறது. அதையும் சேர்த்துக் கேளுங்கள், ஒரே நாளில் இரண்டையும் போட்டுக்கொள்ளலாம். மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம். அன்றைக்குக் கடுமையான காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளிப்போடுங்கள், வெறும் மூக்கொழுகலுக்காகத் தள்ள வேண்டியதில்லை.