கோல்ஃப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவருக்கு எந்த வீராங்கனையைப் பற்றிச் சொல்வீர்கள்?

பாக் சே ரி. தென் கொரியாவின் தேஜோன் நகரத்துப் பெண், 1977இல் பிறந்தவர்.

நானும் அப்படி நினைத்தவன்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தபோது, ஞாயிறு தவறாமல் கோல்ஃப் ஆடப் போகும் எங்கள் மேலாளரிடம், "அந்தக் குச்சி விளையாட்டில் அப்படி என்ன சார் இருக்கிறது?" என்று ஒருநாள் கேட்டுவைத்தேன். அவர் பதில் சொல்லவில்லை. கைப்பேசியில் ஒரு பழைய காணொளியை எடுத்து நீட்டினார்.

1998 ஜூலை. விஸ்கான்சின் மாநிலத்து பிளாக்வுல்ஃப் ரன் மைதானத்தில் அமெரிக்க மகளிர் ஓப்பன் போட்டி. நான்கு நாள் ஆடியும் பாக்கும், ஜென்னி சுவாசிரிபோர்ன் என்ற கல்லூரி மாணவியும் சமநிலை. முடிவு காண திங்கட்கிழமை இன்னொரு பதினெட்டுக் குழிகள். அதில் கடைசிக் குழியில் பாக் அடித்த பந்து இடப்பக்கம் ஓடி, குளத்தங்கரைச் சரிவில் புல்லுக்குள் சிக்கிக்கொண்டது. தண்டமாக ஓர் அடியை ஏற்றுக்கொண்டு பந்தை வேறிடத்தில் வைத்து ஆடலாம். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் செய்வார்கள். இவர் வெகுநேரம் பந்தையே பார்த்தார். பிறகு ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார்.

மேலாளர் அங்கே காணொளியை நிறுத்தி, "காலைப் பாருங்கள்" என்றார். கெண்டைக்கால் வெயிலில் கறுத்துக் கிடந்தது. கணுக்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை வெளேரென்று, வேறு யாருடைய பாதத்தையோ ஒட்டவைத்தது போல. நடவு வேலைக்குப் போன அம்மாவின் பிள்ளை நான். வளையலைச் சற்றே மேலேற்றினால் மணிக்கட்டில் தெரியுமே, அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். பணக்கார விளையாட்டு என்ற பேச்சு அத்தோடு என் வாயிலிருந்து போயிற்று.

தண்ணீரில் இறங்கி நின்று பந்தை வெளியே எடுத்துவிட்டார். அந்தக் குழியைப் பொகியில்தான், அதாவது குறித்த கணக்கைவிட ஓர் அடி கூடுதலாகத்தான், முடிக்க முடிந்தது. ஆனால் ஜென்னிக்கும் பொகி. மறுபடி சமநிலை! அதற்கு மேல் ஆடிய இரண்டாவது குழியில் பர்டி (கணக்கைவிட ஓர் அடி குறைவு) அடித்து பாக் வென்றபோது மொத்தம் 92 குழிகள் ஆகியிருந்தன. வயது இருபது.

கொரியாவில் அப்போது செவ்வாய்க்கிழமை விடியற்காலை. முந்தைய ஆண்டின் கடைசியில்தான் நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்.) கையேந்தியிருந்தது. நாட்டின் கடனுக்காக ஜனங்கள் கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்த வருடம் அது. மேலாளரின் அப்பாவுக்கும் அந்த வருடம் வேலை போயிருந்ததாம். அன்று வீட்டில் ஒருவரும் தூங்கவில்லையாம்.

அமெரிக்கத் தொழில்முறை மகளிர் கோல்ஃப் அமைப்பான எல்.பி.ஜி.ஏ.வின் தொடரில் 25 வெற்றிகள், அவற்றில் ஐந்து 'மேஜர்' எனப்படும் பெரும் போட்டிகள் என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். என்னை யோசிக்கவைத்தது 2004. எல்.பி.ஜி.ஏ. புகழரங்கில் இடம்பெற அப்போது 27 புள்ளிகள் வேண்டியிருந்தது. பத்து ஆண்டுகள் ஆடியிருக்கவும் வேண்டும் என்பது அன்றைய விதி. புள்ளிகளை 26 வயதிலேயே சேர்த்துவிட்டார். அத்தோடு ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. பந்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. 2005இல் விரலில் காயம் வேறு. அப்பா சிறுவயதிலிருந்தே கசக்கிப் பிழிந்து பழக்கியவர். உழைக்கத் தெரிந்த தனக்கு ஓய்வெடுக்கத் தெரியாமல் போனதைப் பற்றிப் பின்னாளில் பாக்கே பேசியிருக்கிறார். 2006இல் மேரிலாந்தில் நடந்த எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில், ஆஸ்திரேலிய வீராங்கனை கேரி வெப்புடன் சமநிலையாகி ஆடிய கூடுதல் குழியில், இருநூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடித்த பந்து குழிக்குச் சில அங்குலம் தள்ளி வந்து நின்றது. 1998ஐவிட எனக்கு இந்த வெற்றிதான் பெரிது. மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. மறு ஆண்டு புகழரங்கிலும் இடம் கிடைத்தது.

அந்த விடியற்காலைக்குப் பிறகு மட்டையைக் கையில் எடுத்த சிறுமிகளைக் கொரியாவில் 'சே ரியின் பிள்ளைகள்' என்கிறார்கள். அவர்களில் ஒருவரான பாக் இன்பீ, சரியாகப் பத்தாண்டு கழித்து, 19 வயதில் அதே அமெரிக்க ஓப்பனை வென்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் இன்பீ தங்கம் வாங்கியபோது கொரிய மகளிர் அணிக்குப் பயிற்சியாளர் பாக் சே ரி. அதே ஆண்டு அக்டோபரில் இவர் ஓய்வு பெற்றார்.

ஜென்னி என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து சில ஆண்டுகள் முயன்று பார்த்தார், கைகூடவில்லை. செவிலியர் படிப்பு படித்து அந்த வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பதினெட்டாவது குழியில் குழியை நோக்கி அவர் உருட்டிய பந்து உள்ளே விழுந்திருந்தால் கோப்பை அவருக்குத்தான்.